எண்ணூர் ஆற்றில் தூண்டிலோடு நிற்கும்போது நீங்கள் பார்த்த உயிர்கள்

முகத்துவாரத்தான் (கத்திவாக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாக எண்ணூர் ஆற்றில் ராடு போடுகிறேன். இரவு ஷிப்ட் முடிந்ததும் நேராக ஆற்றுக்கு வந்துவிடுவேன். எட்டு, எட்டரை வரைக்கும் நின்றுவிட்டுத்தான் வீடு. எத்தனை கிலோ கொடுவா, எந்த லூர் (மீன் மாதிரி செய்த போலி இரை), எந்த நரம்பு (தூண்டில் கயிறு) என்று மீன் கதை இந்த மன்றத்தில் நிறைய இருக்கிறது. நான் கேட்பது வேறு. தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நம் முன்னால் வந்து போகிற மற்ற உயிர்களைப் பற்றி யாருமே எழுதவில்லை.

போன செவ்வாய் காலை ரயில் பாலத்துக்குக் கொஞ்சம் மேற்கே நின்றிருந்தேன். தண்ணீர் வற்ற ஆரம்பித்த நேரம். தலைக்கு மேல் ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி வந்து நின்றது. கிளையில் இல்லை, காற்றில். சிறகு படபடவென்று அடிக்கிறது, தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையவே இல்லை. அலகு நேராகத் தண்ணீரைப் பார்த்து. மனதுக்குள் பத்து எண்ணினேன். கல் விழுவது போல விழுந்தது. எழும்போது வாயில் விரல் நீளத்துக்கு ஒரு மடவைக் குஞ்சு. பாலத்துக் கம்பியில் போய் உட்கார்ந்து, மீனை இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி அடித்து, தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கியது.

அடுத்த கேஸ்ட்டை அது விழுந்த இடத்துக்கு ஓரமாகப் போட்டேன். மடவைக் குஞ்சு மேலே இருந்தால் அதைத் தேடிக் கீழே கொடுவா இருக்கும். இருந்தது.

எங்கே போய் மீன் பிடிக்கிறாய் என்று கேட்கிறவர்களிடம் எண்ணூர் ஆறு என்று சொன்னால், "அது சாக்கடையாச்சே, அங்கே என்ன உயிர் இருக்கும்" என்கிறார்கள். கேட்கும்போது மனது கஷ்டப்படுகிறது. நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் எப்படி இருந்தது என்று சொன்னால் போதும், தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

தங்கூஸ் நரம்பு (தண்டையார்பேட்டை)

நல்ல விவாத இழை அண்ணே. நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவன். நீர்க்காகம் தினமும் இருக்கும், மரக்குச்சியில் உட்கார்ந்து துணி காயப்போட்ட மாதிரி இறக்கையை விரித்துக்கொண்டு. கூழைக்கடா ஐந்தாறு சேர்ந்து ஒரே வரிசையாக நீந்தி வந்து, ஒரே நேரத்தில் தலையைத் தண்ணீருக்குள் விடும். மீனைக் கரைப்பக்கமாக ஓட்டிக்கொண்டு வரும், அந்த நேரத்தில் நம் பக்கம் கடி நன்றாக இருக்கும்.

தை மாதத்தில் அத்திப்பட்டு தாண்டி ரயிலில் போகும்போது உப்பளப் பக்கம் பூநாரை பார்த்தேன். தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி இருந்தது. பறந்தபோதுதான் சிவப்பு தெரிந்தது.

உப்பளத்து அக்கா (அத்திப்பட்டு புதுநகர்)

நான் தூண்டில் போடுவதில்லை, பறவை பார்க்க வருகிறவள். ஆனால் தூண்டில்காரர்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

உப்பள வரப்பிலும் ஆற்றோர மண்மேட்டிலும் நடக்கும்போது ஒரு பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல், நெஞ்சு கருப்பு. ஆட்காட்டி. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பறவைதான். பங்குனி வாக்கில் ஆரம்பித்து மழைக்கு முன் வரைக்கும் அது கத்துகிறது என்றால் உங்கள் காலுக்குப் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். கூடு என்று எதுவும் கட்டாது. தரையில் சின்னக் குழி, சுற்றி நாலு கூழாங்கல், நடுவில் நாலு முட்டை. மண் நிறத்தில் கருப்புப் புள்ளி போட்டிருக்கும், கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் தெரியாது. போன வருடம் வரப்பு ஓரத்தில் ஒரு கூடு பார்த்து வைத்திருந்தேன். மறுநாள் பைக் டயர் அதன் மேலேயே போயிருந்தது. ஓட்டி வந்தவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். கோடையில் வண்டியைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள். ஆட்காட்டி கத்தினால் நின்று, வந்த வழியே நாலடி திரும்பிச் சுற்றிப் போங்கள். கூட்டைத் தேடிப் பார்க்க வேண்டாம். நீங்கள் நிற்கிற நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கும். தாய்ப்பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்துதான் முட்டையைக் குளிர வைக்கும்.

புதுராடு (திருவொற்றியூர்)

வணக்கம். போன மாதம்தான் ராடு வாங்கினேன். எனக்குப் பறவை பற்றிப் பயமில்லை, பாம்பு பற்றித்தான். நேற்று மாலை காட்டுக்குப்பம் பக்கம் முட்டளவு தண்ணீரில் நிற்கும்போது பக்கத்தில் ஒன்று நீந்திப் போனது. சாம்பல் நிறம், ஒன்றரை முழம் இருக்கும். ராடைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். விஷமுள்ளதா?

கட்டுமரம் (காசிமேடு)

தம்பி, வாலைப் பார்த்தாயா? அதுதான் கேள்வி.

ஆற்று வாயில் மூன்று விதப் பாம்பு வரும். ஒன்று சாதாரணத் தண்ணீர்ப்பாம்பு. உடம்பில் கட்டம் போட்டிருக்கும், உப்பு குறைந்த இடத்தில்தான் அதிகம். விஷமில்லை, பிடித்தால் கடிக்கும். இரண்டாவது சேற்றுப்பாம்பு. தலை நாய்முகம் மாதிரி, கண் சின்னதாக மேல்பக்கம் பார்த்திருக்கும், இருட்டின பிறகு சேற்றுமேட்டில் பக்கவாட்டில் வழுக்கிப் போகும். பின்பல்லில் கொஞ்சம் விஷம் உண்டு, மனிதனுக்கு ஆபத்து இல்லை. இந்த இரண்டுக்கும் வால் கயிறு மாதிரி உருண்டு கூராக முடியும்.

மூன்றாவது கடல்பாம்பு. வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். இதைத் தொடவே கூடாது. கழிமுகத்துக்குள் தாராளமாக ஏறி வரும், கெளுத்திக் குஞ்சுதான் அதற்கு இஷ்டம். எங்கள் அப்பா காலத்தில் வலைகடியன் என்று சொல்வார்கள், வலையில் மாட்டினால் வலையையே கடிக்கும் என்பதால். அந்தப் பெயர் வெள்ளைக்காரன் எழுதின பழைய பாம்புப் புத்தகம் வரைக்கும் போயிருக்கிறது, இலத்தீன் பெயரிலேயே 'வலக்கடியன்' என்று சேர்த்திருந்தார்கள்.

கடித்தால் அந்த இடத்தில் வலி பெரிதாக இருக்காது. அதனால் ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் சதை வலிக்கும், தாடை இறுகும், மூத்திரம் கறுத்துப் போகும். இங்கே பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். கடல்பாம்புக்கு அது கேட்காது. ஆகவே சந்தேகம் என்றால்கூட நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போ, கடல்பாம்பு என்று வாய்விட்டுச் சொல். தூண்டிலில் மாட்டினால் முள்ளை எடுக்க முயற்சி பண்ணாதே. தூரத்திலேயே நரம்பை அறுத்துவிடு.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நாற்பது வருடத்தில் பாம்பு கடித்து ஆற்றிலிருந்து தூக்கிப் போனவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. கெளுத்தி முள் குத்தி, திருக்கை முள் குத்தித் துடித்தவர்களை எண்ண முடியாது. சேற்றில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காதே, தரையோடு தேய்த்து நட. திருக்கை மேல் பாதம் இறங்கினால்தான் முள்ளைத் தூக்கும், தேய்த்துப் போனால் அதுவே விலகிவிடும். குத்திவிட்டால் தாங்குகிற அளவு சூடான வெந்நீரில் காலை வைத்திரு. கொதிக்கிற தண்ணீர் இல்லை, தாங்குகிற சூடு. வலி நன்றாகக் குறையும். அப்புறம் டாக்டரிடம் போ, முள் துண்டு உள்ளே இருந்தால் சீழ் பிடிக்கும்.

புதுராடு (திருவொற்றியூர்)

ரொம்ப நன்றி அண்ணே. வால் உருண்டைதான், நன்றாக ஞாபகம் இருக்கிறது. சேற்றுப்பாம்பாகத்தான் இருக்கும். ராடு கிடைத்துவிட்டது, ஒரு பெரியவர் எடுத்து வைத்திருந்தார்.

பெரம்பூர் ரயிலடி

இழையை முழுவதும் படித்தேன். எல்லோரும் அன்போடு எழுதுகிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. எண்ணூரில் பூநாரை, எண்ணூரில் கூழைக்கடா என்று படம் போட ஆரம்பித்தால், "பாருங்கள், ஆறு நன்றாகத்தான் இருக்கிறது, மீனவர்கள் வீணாகக் கத்துகிறார்கள்" என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுவதும் படர்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே கூழைக்கடா அன்றைக்கு வயிறெல்லாம் கருப்பாக நின்றது. அழகைப் பேசும்போது அதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

உப்பளத்து அக்கா (அத்திப்பட்டு புதுநகர்)

நீங்கள் சொல்வது சரிதான் சார். பூநாரை வந்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தம் இல்லவே இல்லை. அது தலையைக் கவிழ்த்து வைத்து, அலகுக்குள்ளே இருக்கிற சல்லடையால் பாசியையும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியையும் வடிகட்டிச் சாப்பிடுகிற பறவை. கழிவுநீர் கலந்தால் பாசி கூடத்தான் செய்யும். மும்பை தானே கழிமுகத்தில் ஆயிரக்கணக்கில் இறங்குகிறதே, அந்தத் தண்ணீர் சுத்தமா?

ஆற்றின் நிலைமை தெரிய வேண்டுமானால் சேற்றைப் பார்க்க வேண்டும். தண்ணீர் வற்றினதும் ஓரத்தில் உட்கார்ந்து அசையாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். முதலில் வெறும் சேறாகத் தெரியும். அப்புறம் ஒவ்வொரு பொந்திலிருந்தும் நகம் அளவு நண்டு வெளியே வரும். ஆணுக்கு ஒரு கை மட்டும் உடம்பு அளவுக்குப் பெரிது. அதைத் தூக்கித் தூக்கிக் காட்டும், தூரத்திலிருந்து பெண்ணைக் கூப்பிடுவதற்கு. சின்னக் கையால் சேற்றை எடுத்து வாயில் வைத்து, சத்தை உறிஞ்சிக்கொண்டு, மீதியைக் கடுகு மாதிரி உருண்டையாக்கிக் கீழே வைக்கும். ஒரு நண்டு இருந்த இடத்தில் அரை மணி நேரத்தில் நூறு உருண்டை இருக்கும். பக்கத்திலேயே முன்துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போகிற மீன். கண் இரண்டும் தலை உச்சியில். ஈரம் காயாத வரைக்கும் தோலாலேயே மூச்சு விடும். காய ஆரம்பித்தால் சேற்றில் ஒரு பக்கமாகப் புரண்டு நனைத்துக்கொள்ளும்.

அலையாத்தி மரத்தடியில் இதெல்லாம் இன்னும் நன்றாகவே இருக்கிறது. எண்ணெய் வந்த வருடம் அதே மரத்தடியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். மரத்தின் மூச்சு வேரெல்லாம் பென்சில் குச்சி மாதிரி சேற்றுக்கு மேல் நிற்குமே, ஒவ்வொன்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கருப்புக் கோடு. ஒரு நண்டுகூட வெளியே வரவில்லை. இப்போது வருகிறது. முன்பு இருந்த அளவுக்கு இல்லை.

கட்டுமரம் (காசிமேடு)

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் முகத்துவாரக்குப்பத்தில் இருக்கிறார்கள். அங்கே இப்போது பெரிய பிரச்சினை காக்கா ஆழி. கருப்பாக, சின்னதாக இருக்கிற ஒரு சிப்பி. நம்ம ஊரைச் சேர்ந்தது இல்லை, அமெரிக்கக் கண்டத்துக் கடலோரத்திலிருந்து வந்தது. ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டு பரவுகிறது. இறால் சேற்றில் புதைந்து ஒளியும், அதற்கு இடமே இல்லாமல் போகிறது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் பறியை (இறால் போடுகிற கூடை) வாயில் கடித்துக்கொண்டு சேற்றில் தவழ்ந்து போவார்களே, இப்போது கை வைத்த இடமெல்லாம் ஓடு கிழிக்கிறது. மட்டி எடுத்த இடத்தில் மட்டி இல்லை.

இதையும் தூண்டில்காரர்கள் பார்த்து எழுதலாம். ஈயக்குண்டை அடியில் இழுக்கும்போது கரகரவென்று நரம்பு வழியாகக் கைக்குத் தெரியும், அறுந்தும் போகும். எங்கெங்கே அப்படி என்று சொன்னால் எங்களுக்கு உபயோகம்.

முகத்துவாரத்தான் (கத்திவாக்கம்)

பெரம்பூர் சார், உங்கள் பயம் எனக்கும் உண்டு. ஆனால் நான் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். இந்த ஆற்றைச் செத்துப்போன ஆறு என்று சொல்லிச் சொல்லியே பாதியை நிரப்பிவிட்டார்கள். அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொட்டின இடம் எத்தனை, மண் அடித்து மேடாக்கின இடம் எத்தனை. "அங்கே ஒன்றும் இல்லையே, வெறும் சேறுதானே" என்ற ஒரு பேச்சு போதும், நிரப்புகிறவனுக்கு வேலை சுலபம். நாமும் சாக்கடை என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கு ஆள் சேர்க்கிறோம். உயிர் இருக்கிறது என்று பெயர் சொல்லி, இடம் சொல்லி எழுதினால்தான், எண்ணெய் வந்தபோது எது போயிற்று என்று கேட்க முடியும். கணக்கில் இல்லாததைக் காணவில்லை என்று எப்படிப் புகார் கொடுப்பது?

கட்டுமரம் அண்ணே, ரயில் பாலத்துக்குக் கிழக்கே நடுவாய்க்காலில் அந்தக் கரகரப்பு நிறைய இருக்கிறது. மேற்கே இன்னும் சேறு மெதுவாகத்தான் இருக்கிறது. மற்றவர்களும் சொல்லுங்கள்.

நீலகிரி தண்டையார்பேட்டையான்

நான் பிறந்தது தண்டையார்பேட்டை, வேலைக்காக உதகை வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஊர் ஞாபகத்தில் இந்த இழையைப் படித்தேன். இங்கே நான் கற்றது ஃப்ளை ஃபிஷிங். மயிலிறகுத் தண்டையும் சேவல் கழுத்து இறகையும் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டி, அதை ட்ரவுட் மீனுக்குப் போடுவது. ட்ரவுட் நம் நாட்டு மீன் இல்லை. 1907 வாக்கில் வில்சன் என்கிற ஆங்கிலேய மீன்துறை அதிகாரி இங்கே முட்டை கொண்டுவந்து பொரிக்க வைத்தார். அவலாஞ்சியில் அந்தக் காலத்துக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. குளிர்ந்த ஓடும் தண்ணீர் இல்லாமல் அந்த மீன் பிழைக்காது, அதனால் மலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

முறைப்படி அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு நாலைந்து தடவை ஓடையில் நின்றிருக்கிறேன். (இப்போது யாரும் ராடை எடுத்துக்கொண்டு நேராகக் காட்டுக்குள் போய்விடாதீர்கள். வனத்துறையையும் மீன்வளத்துறையையும் கேட்காமல் அடி வைக்கக் கூடாது, பல இடங்களில் மீன் பிடிக்கவே தடை.)

அங்கே முதலில் கற்றுக்கொண்டது சத்தம் பற்றி. ஓடை இரைச்சலில் நமக்கும் ஒன்றும் கேட்காது, விலங்குக்கும் நாம் வருவது கேட்காது. நாமோ குனிந்து, ஒளிந்து, மெதுவாகத்தான் நடப்போம், மீன் பயந்துவிடும் என்று. ஒரு வளைவைத் தாண்டினேன், இருபது அடியில் காட்டெருமை. முழங்கால் வரைக்கும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால், தோள் என் தலைக்குச் சமமாக. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது தலையைத் தூக்கி மூக்கால் ஒரு ஊது ஊதியது. வழிகாட்டி என் சட்டையைப் பிடித்துப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனார். திரும்பி ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கையைத் தட்டிவிட்டுத்தான் போவேன். மீன் போனால் போகட்டும்.

கடமான் விடியலில் வரும். மரத்தில் கருமந்தி உறுமினால் கீழே எதையோ பார்த்திருக்கிறது, சிறுத்தையாகவும் இருக்கலாம். அன்றைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். நீர்நாயை ஒரே ஒரு தடவை பார்த்தேன், பாறை மேல் இரண்டு. அட்டை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சீகாரப் பூங்குருவி. ஓடை நடுவில் நனைந்த பாறையில் உட்காரும். தூரத்தில் கருப்பு, வெயில் பட்டால் தோளும் நெற்றியும் நீலமாக மின்னும். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பையன் ராகம் தெரியாமல் விசில் அடிக்கிற மாதிரி பாடும். தண்ணீர் இரைச்சலைத் தாண்டி அந்த விசில் ஒன்றுதான் கேட்கும்.

அப்புறம் கல்லுக்கு அடியில் இருக்கிற புழு. ஓடைக் கல் ஒன்றைத் திருப்பினால் மணலும் குச்சியும் ஒட்டின அரை அங்குலக் குழாய்கள் இருக்கும். வெறும் குப்பை என்று நினைப்போம். உள்ளங்கையில் தண்ணீரோடு வைத்துக் காத்திருந்தால் குழாய் வாயிலிருந்து ஆறு கால் வரும், வீட்டையும் இழுத்துக்கொண்டு நடக்கும். ஒவ்வொரு மணலையும் தன் வாய்ப் பட்டால் ஒட்டிக் கட்டின வீடு. ட்ரவுட் அதை வீட்டோடு விழுங்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் முள்ளில் இறகு கட்டுவோம். பார்த்துவிட்டுக் கல்லை அதே மாதிரி திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் காய்ந்துவிடும்.

உங்கள் நண்டு உருண்டையைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. ஊருக்கு வரும்போது என் ராடையும் கொண்டு வருகிறேன். மடவை பறந்து பறந்து குதிக்கிற இடத்தில் இறகு முள்ளைப் போட்டுப் பார்க்க ஆசை.

தங்கூஸ் நரம்பு (தண்டையார்பேட்டை)

நம்ம பேட்டை ஆள் மலையில் இருப்பது ரொம்ப சந்தோஷம் அண்ணே. ஆனால் இங்கே போடும்போது பின்னால் வீசுகிற நரம்பைக் கவனிக்க வேண்டும். ஆலா என்கிற கடல்பறவைக் கூட்டம் தலைக்கு மேலேயே சுற்றும். லூர் காற்றில் போகும்போதே சின்ன மீன் என்று பாயும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் எனக்கே நடந்தது. ஆலா இல்லை, நீர்க்காகம். லூரை இழுத்துக்கொண்டிருந்தேன், தண்ணீருக்கு அடியிலேயே துரத்தி வந்து கவ்விவிட்டது. மூன்று முள்ளில் ஒன்று இறக்கையில். என்ன செய்வதென்று தெரியாமல் பயத்தில் நரம்பை அறுத்துவிட்டேன். லூரோடும் இரண்டு மீட்டர் நரம்போடும் பறந்து போனது. இரண்டு நாள் கழித்து அலையாத்திக் கிளையில் நரம்பு சுற்றித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது என் லூர்தான். அதை இங்கே எழுத இத்தனை நாள் ஆயிற்று.

என்ன செய்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

உப்பளத்து அக்கா (அத்திப்பட்டு புதுநகர்)

தம்பி, எழுதினதற்கு நன்றி. இது நிறைய பேருக்கு நடக்கிறது, யாரும் சொல்வதில்லை.

நரம்பை அறுக்கவே கூடாது, அதுதான் முதல் விஷயம். மெதுவாகச் சுற்றிப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். கைவலை இருந்தால் வலையில், இல்லாவிட்டால் துண்டைப் போட்டுத் தலையை மூடுங்கள். கண் மறைந்தால் பறவை பாதி அடங்கிவிடும். உங்கள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நீர்க்காகமும் கொக்கும் நேராகக் கண்ணைத்தான் குத்தும். இறக்கையை உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடிக்க வேண்டும்.

அலகைப் பிடிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் வெளியே மூக்குத் துவாரம் கிடையாது, வாயால்தான் மூச்சு. அலகை இறுக்க மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். நடுவில் ஒரு விரல் வைத்துப் பிடியுங்கள்.

முள்ளை வந்த வழியே இழுக்காதீர்கள், கொக்கிப்பல் சதையைக் கிழிக்கும். முன்பக்கமாகத் தள்ளி, பல் வெளியே வந்ததும் கட்டிங் ப்ளேயரால் அதை வெட்டிவிட்டுப் பின்னால் உருவ வேண்டும். நரம்பு ஒரு சாண்கூட உடம்பில் இல்லை என்று பார்த்து, தண்ணீரைப் பார்த்து விடுங்கள். முள்ளை விழுங்கியிருந்தாலோ, இறக்கை தொங்கினாலோ நீங்களே சரிசெய்யப் பார்க்காமல், பறவையை அட்டைப்பெட்டியில் துணி போட்டு வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கட்டுமரம் (காசிமேடு)

கொக்கிப்பல்லை வீட்டிலேயே ப்ளேயரால் நசுக்கிவிட்டு வந்தால் பாதி தொல்லை இல்லை. மீன் தப்பும் என்பார்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் தப்பாது.

அறுந்த நரம்பைக் கரையில் போடுவதும் அதே பாவம்தான். தங்கூஸ் (நைலான் நரம்பு) மக்காது. இந்த மாதங்களில் பங்குனி ஆமை முட்டை இட வரும். 2025 தையில் நம் கரையெல்லாம் நூற்றுக்கணக்கில் ஆமை செத்து ஒதுங்கியதே, அது பெரிய வலை விவகாரம், நம் கையில் இல்லை. இந்த ஒரு முழம் நரம்பு நம் கையில் இருக்கிறது.

நீலகிரி தண்டையார்பேட்டையான்

இங்கே ஓடைக்குப் போகிறவர்கள் பழைய தண்ணீர் பாட்டிலில் மூடியில் ஓட்டை போட்டு இடுப்பில் கட்டிக்கொள்வோம். அறுந்த நரம்பை விரலில் சுற்றி அதற்குள் திணித்துவிடலாம், காற்றில் பறக்காது. அங்கேயும் செய்து பாருங்கள்.

புதுராடு (திருவொற்றியூர்)

இன்று மூன்று பாட்டில் செய்துவிட்டேன். யாருக்காவது வேண்டுமென்றால் ஞாயிறு கொண்டு வருகிறேன்.

முகத்துவாரத்தான் (கத்திவாக்கம்)

ஞாயிறு காலை நாங்கள் நாலு பேர் போனோம். நான், தங்கூஸ் நரம்பு தம்பி, புதுராடு, அக்கா. ராடு இரண்டே இரண்டுதான். வற்றம் முழுவதும் அலையாத்தி ஓரமாக நடந்து கிளையில் சுற்றின நரம்பை எடுத்தோம். மூன்று பாட்டிலும் நிறைந்து, ஒரு துணிப்பையும் பாதி நிறைந்தது. நம்முடையது மட்டும் இல்லை, வலைத்துண்டும் இருந்தது. அந்த நீர்க்காகம் தொங்கின கிளையைத் தம்பிதான் காட்டினான். அவனே ஏறி, மீதி நரம்பையும் லூரையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

பார்த்தவற்றை அக்கா எழுதி வைத்திருக்கிறார்கள், தனியாகப் போடுவார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஏழரை மணி இருக்கும். மேற்கிலிருந்து பெரிய பறவை ஒன்று வந்தது. வயிறு வெள்ளை, கண்ணோரம் கருப்புப் பட்டை. செம்பருந்து என்று நினைத்தேன். அக்கா என் கையைப் பிடித்து, விராலடிப்பான் என்றார்கள். குளிர்காலத்தில் மட்டும் வடக்கிலிருந்து வருகிற பறவையாம். வட்டம் போட்டது, ஒரு நொடி நின்றது, காலை முன்னால் நீட்டிக்கொண்டு விழுந்தது. தண்ணீர் அத்தனை உயரம் தெறித்தது. இறக்கையை நாலு தடவை அடித்துத்தான் எழ முடிந்தது, காலில் முழங்கை நீளத்துக்கு ஒரு மடவை. எழுந்ததும் காற்றிலேயே உடம்பை உதறித் தண்ணீரைச் சிலுப்பியது, குளித்துவிட்டு வந்த நாய் மாதிரி. அப்புறம் குறுக்காக இருந்த மீனைக் காலிலேயே திருப்பி, தலை முன்பக்கம் வருகிற மாதிரி நேராக்கிக்கொண்டது. அப்படி வைத்தால்தான் காற்று தடுக்காது என்று அக்கா சொன்னார்கள். காட்டுப்பள்ளிப் பக்கமாகப் போயிற்று.

அடுத்த ஞாயிறு வருகிறவர்கள் ஆறு மணிக்கு ரயில் பாலத்தடிக்கு வாருங்கள். ப்ளேயர், துண்டு, கண்ணாடி கொண்டு வாருங்கள்.

பெரம்பூர் ரயிலடி

நானும் வருகிறேன். எனக்கு ராடு பிடிக்கத் தெரியாது, பை தூக்கத் தெரியும். பாலத்தடிக்கு எந்தப் பக்கம் இறங்க வேண்டும்?

முகத்துவாரத்தான் (கத்திவாக்கம்)

எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நில்லுங்கள் சார். ஐந்தே முக்காலுக்கு நான் வந்து கூட்டிப்போகிறேன். தண்டவாளத்து வழியாக மட்டும் வர வேண்டாம்.